ஆடாமல் நிற்கும் வீடு: யூட்டாவில் ட்ரெய்லரோடு ஆறு நாள்

2024 செப்டம்பரில் அப்பா, மனைவி, ஒன்பது வயது மகள், நான் என நாலு பேரும் கட்டில், அடுப்போடு சக்கரத்தில் ஓடும் வீடான ஒரு ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்து, பிக்கப் டிரக்கில் மாட்டி இழுத்துக்கொண்டு யூட்டா மாநிலம் போய் வந்தோம். மலைகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் நோட்டுப் புத்தகம் எடுத்துப் போனேன். இப்போது புரட்டினால் முக்கால்வாசிப் பக்கம் ட்ரெய்லரை எப்படி நிறுத்தினோம் என்பதுதான் இருக்கிறது. அதையே நாள்வாரியாக இங்கே போடுகிறேன்.

செப்டம்பர் 22, 2024, ஞாயிறு: லாஸ் வேகஸ் – சயான்

வாடகைக்குக் கொடுத்தவர் எல்லாவற்றையும் காட்டி முடிக்க இருபது நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. 25 அடி நீளம், எட்டடி அகலம், பக்கத்துக்கு இரண்டு சக்கரம். தண்ணீர்த் தொட்டி எங்கே, எரிவாயு சிலிண்டரை எப்படித் திறப்பது, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியாக, நாலு மூலையிலும் அடியில் மடங்கிக் கிடந்த ஜாக்கிகளைக் காட்டி, "போய் நிறுத்தியதும் இதை இறக்கிவிடுங்கள், அவ்வளவுதான்" என்றார். திருக ஒரு கைப்பிடி, கூடவே பேட்டரியில் ஓடும் டிரில் ஒன்று. முன்பணம் 500 டாலர்.

வழியில் வெர்ஜின் ஆறு குடைந்த பள்ளத்தாக்குக்குள் நெடுஞ்சாலை வளைந்து வளைந்து போகிறது. பக்கக் காற்று அடிக்கும்போதெல்லாம் பின்னால் ட்ரெய்லர் அசைவது ஸ்டியரிங்கில் தெரிந்தது. சயான் தேசியப் பூங்கா வாசலில் 35 டாலர் கட்டி, வாட்ச்மேன் என்று பெயருள்ள முகாமுக்குள் நுழைந்தபோது மணி ஐந்தரை. செப்டம்பர் கடைசியிலும் வெயில் சுட்டது. எதிரே சிவப்பும் மஞ்சளுமாகப் பாறைச் சுவர் எழுந்து நின்றது. அப்பா இறங்கியதும் அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

எங்கள் இடம் வலப்பக்கம் சரிந்திருந்தது. பார்த்தால் தெரியாது. உள்ளே மகள் தரையில் வைத்த பென்சில் உருண்டு போய்க் கட்டிலுக்கடியில் நின்றபோதுதான் தெரிந்தது. சரி, ஜாக்கி எதற்கு இருக்கிறது என்று டிரிலை மாட்டி வலப்பக்கம் இரண்டையும் இறக்கினேன். தரையைத் தொட்ட பிறகும் விடவில்லை. பின்பக்க ஜாக்கி திணறித் திணறி ஏற்றியது. ட்ரெய்லர் முனகியது. பென்சில் நிற்கும்வரை ஏற்றினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ராத்திரி முட்டைப் பொரியல், ரொட்டி, சுட்ட மக்காச்சோளம். கதவைச் சாத்தும்போது கொஞ்சம் இடித்து அழுத்த வேண்டியிருந்தது. புது வண்டி, இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

செப்டம்பர் 23, திங்கள்: சயான்

அப்பாவுக்கு ஐந்து மணிக்கு எழுந்து நடந்தே ஆக வேண்டும். 74 வயது, இரண்டு முழங்காலும் பழசு. இருட்டில் கதவைத் தள்ளியிருக்கிறார், திறக்கவில்லை. தோளால் முட்டியதும் கதவு சட்டென்று விடுபட்டது. கால் வைத்த படி ஆட, ட்ரெய்லரும் கூடவே ஆட, பிடி கிடைக்காமல் மணலில் முழங்கால் ஊன்றி விழுந்திருக்கிறார். சத்தம் கேட்டு ஓடினோம். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. விரல்களை மடக்க முடிந்தது. ஐஸ் வைத்துத் துணி சுற்றினோம். "நான்தான் பார்க்காமல் கால் வச்சிட்டேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. தவறு அவருடையது இல்லை.

அடுத்த இடத்தில் ஒரு மூதாட்டி, ஒரு நாயோடு தனியாகத் தங்கியிருந்தார். ட்ரெய்லரிலேயே பதினோரு வருடமாக ஊர் சுற்றுகிறாராம். இங்கே முகாம்களில் ஒரு நல்ல பழக்கத்தைப் பார்த்தேன். அடுத்தவர் இடத்துக்குள் கேட்காமல் யாரும் கால் வைப்பதில்லை. அவரும் எல்லையில் நின்றுகொண்டு, "உங்கள் அப்பா நலமா? தப்பாக நினைக்கவில்லை என்றால் ஒன்று சொல்லலாமா?" என்று கேட்டார். நான் வரச் சொன்ன பிறகுதான் வந்தார். வந்ததும் குனிந்து பின்பக்க ஜாக்கியைப் பார்த்தார். அதன் திருகு லேசாக வளைந்திருந்தது. நான் கவனிக்கவே இல்லை.

"இது தூக்குவதற்கு இல்லை, ஆட்டத்தை நிறுத்துவதற்கு" என்றார். அந்த ஒரு வரியை யாராவது முந்தின நாள் சொல்லியிருந்தால் அப்பா விழுந்திருக்க மாட்டார்.

ட்ரெய்லரின் எடையெல்லாம் சக்கரங்களிலும், டிரக்கோடு மாட்டும் முனையான முன்மூக்கிலும்தான் உட்கார வேண்டும். மூலை ஜாக்கிகளின் வேலை வேறு. அடியிலுள்ள ஸ்பிரிங்கும் டயரும் மெத்தை மாதிரி அமுங்கி எழுவதால் உள்ளே நடக்கும்போது ஆடுகிறது. அந்த அசைவைத்தான் ஜாக்கி பிடிக்கிறது. அதை வைத்து ஒரு மூலையைத் தூக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். சட்டம் முறுக்கினால் கதவு நிலையும் கோணும். எங்கள் கதவு இறுகியது அதனால்தான்.

அவர் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். நாலு ஜாக்கியையும் மடக்கி, ட்ரெய்லரை மறுபடி டிரக்கில் மாட்டினேன். முதலில் பக்கவாட்டு மட்டம். அது டிரக்கில் மாட்டியிருக்கும்போதே பார்க்க வேண்டியது. கழற்றிய பிறகு பக்கவாட்டில் ஒன்றும் செய்ய முடியாது. அப்பா கட்டட மேற்பார்வை வேலையில் இருந்தவர். "ரசமட்டம் இருந்தா கொண்டா" என்றார். மூதாட்டியிடம் சின்னதாக ஒன்று இருந்தது. ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தரையில் வைத்துக் குமிழியைப் பார்த்தார். வலப்பக்கம் ஏறக்குறைய இரண்டு அங்குலம் தாழ்வு.

ட்ரெய்லரின் பெட்டியைத் திறந்து பார்த்தால் மஞ்சள் பிளாஸ்டிக் அடுக்குக் கட்டைகள் பத்து இருந்தன. அவை எதற்கு என்றே எங்களுக்குச் சொல்லப்படவில்லை. ஒன்று ஓர் அங்குல உயரம். வலப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் படிபோல இரண்டடுக்காக வைத்து, மெதுவாக ட்ரெய்லரை ஏற்றினேன். அந்தப் பக்கத்து இரண்டு சக்கரமும் கட்டை மேல் ஏற வேண்டும், ஒன்று மட்டும் ஏறினால் அந்த அச்சு அளவுக்கு மீறிச் சுமக்கும். டயரின் அகலம் முழுவதும் கட்டை மேல் இருக்க வேண்டும், ஓரம் வெளியே தொங்கினால் டயரின் உள்கட்டு கெடும். "குமிழி நடுவுக்கு வந்துடுச்சு, நிறுத்து" என்று அப்பா உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

அப்புறம் சக்கரங்கள் உருளாமலிருக்க முட்டுக்கட்டை. அப்புறம்தான் கழற்றுவது. முன்மூக்கு ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை வைத்து, அதைத் திருகி ஏற்றி இறக்கி முன் பின் மட்டம் பார்த்தோம். எல்லாம் மட்டமான பிறகு, கடைசியாகத்தான் மூலை ஜாக்கிகள். தரையைத் தொட்டதும் டிரிலை எடுத்துவிட்டுக் கையால் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரைச் சுற்று. குமிழி நகர்ந்தால் அதிகமாக இறுக்கிவிட்டோம் என்று பொருள்.

மட்டத்துக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று மனைவி கேட்டாள். ஃப்ரிட்ஜைக் காட்டினார் மூதாட்டி. எரிவாயுவில் ஓடும் இந்த வகை ஃப்ரிட்ஜில் பம்ப் கிடையாது. அம்மோனியாக் கரைசல் தன் எடையாலேயே குழாய்களில் வழிந்து இறங்க வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் அது ஒரே இடத்தில் தேங்கிச் சூடாகி, ஃப்ரிட்ஜ் திரும்பச் சரிசெய்ய முடியாதபடி கெட்டுப்போகலாம். பக்கவாட்டில் மூன்று டிகிரி, முன் பின்னாக ஆறு டிகிரி வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. காலையில் எங்கள் பால் லேசாகப் புளித்திருந்தது. அதற்கு முந்தின நாள் வெயில் காரணமா, சாய்வு காரணமா தெரியாது.

மதியம் பூங்காவின் இலவசப் பேருந்தில் பள்ளத்தாக்குக்குள் போனோம். அப்பா கையைத் துணியில் தொங்கவிட்டபடி ஆற்றோரம் கொஞ்ச தூரம் நடந்தார். திரும்பி வந்து கதவைத் திறந்தேன். ஒரு விரலால் தள்ளியதும் திறந்தது.

செப்டம்பர் 24, செவ்வாய்: சயான் – பிரைஸ் கேன்யன்

கிழக்கே போக ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. 1930-இல் திறந்தது, 1.1 மைல் நீளம். அந்தக் காலக் கார்களுக்குக் குடைந்த வளைவு. நாங்கள் போனபோது பெரிய வண்டிகள் நடுக்கோட்டில்தான் போக முடிந்தது. எங்கள் ட்ரெய்லரின் அகலம் 7 அடி 10 அங்குலத்தைத் தாண்டியதால் 15 டாலர் கட்டி அனுமதிச் சீட்டு வாங்கினோம். எதிர்ப்பக்க வண்டிகளை நிறுத்தி வைத்துவிட்டு எங்களை விட்டார்கள். உள்ளே விளக்கு கிடையாது. பக்கவாட்டில் வெட்டிய ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் ஒரு கணம் அடித்து மறைந்தது. மகள் ஒவ்வொரு ஜன்னலையும் எண்ணிக்கொண்டு வந்தாள்.

பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காவின் விளிம்பு ஏறக்குறைய 8,000 அடி உயரம். அங்கே நார்த் என்ற முகாமில் உயரமான பைன் மரங்கள், அடியில் ஊசியிலை மெத்தை. மின் இணைப்பு கிடையாது. சயானில் வியர்த்த உடம்பு இங்கே ஸ்வெட்டர் கேட்டது.

கிடைத்த இடம் பின்பக்கமாகச் சரிந்தது. நேற்று கற்றதை வரிசையாகச் செய்தேன். பக்கவாட்டு மட்டத்துக்கு இடப்பக்கம் ஒரே ஒரு கட்டை போதுமானது. சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தேன். முன்மூக்கின் எடை டிரக்கின் பின்பக்கத்தை மட்டும் அழுத்தாமல் பகிர்ந்து கொடுக்கும் இரும்புத் தண்டுகளைக் கழற்றினேன். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அவை வில் போல இழுபட்டு நிற்பவை. முன்மூக்கு ஜாக்கியால் டிரக்கின் பின்பக்கத்தையும் சேர்த்து உயர்த்தி, இழுவை தளர்ந்த பிறகுதான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தெறித்து முழங்காலை உடைத்துவிடும்.

பிறகு கொக்கியின் பூட்டைத் திறந்து மூக்கை உயர்த்தினேன். டிரக்கின் பின்னாலுள்ள இணைப்பு உருண்டையிலிருந்து விடுபட்ட நொடியில் ட்ரெய்லர் பின்னால் நகர்ந்தது. ஒரு சாண் தூரம். கடகடவென்று ஒரு சத்தம், பாதுகாப்புச் சங்கிலிகள் இறுகின, நின்றது.

எனக்குக் கை நடுங்கியது. பின்னால் மனைவி மகளின் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் நிறுத்தி வைத்திருந்தாள். "கழற்றும்போது யாரும் ட்ரெய்லருக்குப் பின்னாலும் நிற்கக்கூடாது, டிரக்குக்கும் அதற்கும் நடுவிலும் நிற்கக்கூடாது" என்று சயான் மூதாட்டி சொன்னதை அவள் மறக்கவில்லை. "சங்கிலியை எல்லாவற்றுக்கும் கடைசியில் கழற்றுங்கள், ட்ரெய்லர் தானாக நிற்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு" என்பதும் அவர் சொன்னதுதான். சங்கிலி இல்லாவிட்டால் அது பின்னாலிருந்த மரத்தில் போய்த்தான் நின்றிருக்கும்.

என்ன தவறு என்று அப்பாதான் கண்டுபிடித்தார். முட்டுக்கட்டைகளை நான் சக்கரங்களுக்கு முன்னால் மட்டும் வைத்திருந்தேன். சயானில் வலப்பக்கத்தோடு முன்பக்கமும் சரிவு, அங்கே அது சரி. கை பழக்கத்தில் அப்படியே செய்துவிட்டேன். இங்கே சரிவு பின்னால். "சரிவு எந்தப் பக்கம்னு பார்க்காம கட்டை போட்டா எப்படிப்பா" என்றார். அதட்டவில்லை, பயந்திருந்தார்.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ட்ரெய்லரின் மின் பிரேக்குக்கு உத்தரவு டிரக்கிலிருந்துதான் வருகிறது. கம்பியைக் கழற்றிவிட்டால் பிரேக் பிடிக்காது. காரில் இருப்பது போல கை பிரேக்கும் இல்லை. ஓடும்போது ட்ரெய்லர் பிய்த்துக்கொண்டால் பிரேக்கைப் பிடிக்க ஒரு அவசர ஊசி உண்டு. ஆனால் அது நிறுத்தி வைப்பதற்கானது இல்லை, பேட்டரியைச் சீக்கிரம் காலி செய்துவிடும். ஆக 5,000 பவுண்டு எடையுள்ள ஒரு வீட்டைச் சரிவில் பிடித்து வைத்திருப்பது அந்த நாலு ரப்பர் துண்டுதான்.

மறுபடி மாட்டி, முன்னுக்கு இழுத்து, இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். இருந்தது நாலு. சரிவுக்கு எதிராக நாலையும் வைத்துவிட்டு, பின்பக்கம் போக முன்பக்கத்துக்கு அப்பா இரண்டு விறகுக் கட்டையைக் கோடாலியால் சீவி ஆப்பு போலச் செய்தார், ஒரே கையால். ஊசியிலையை விலக்கி மண்ணில் பதியும்படி வைக்கச் சொன்னார். காய்ந்த ஊசியிலை மேல் வைத்தால் கட்டை வழுக்கிக்கொண்டு போகும். பிறகு கொக்கியைத் திறந்து, சங்கிலியோடு ஒரு நிமிடம் விட்டுப் பார்த்தோம். அசையவில்லை.

சூப், சாதம். குளிரில் எல்லாரும் சீக்கிரம் படுத்துவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு முறை டார்ச்சோடு போய்க் கட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன்.

செப்டம்பர் 25, புதன்: பிரைஸ் கேன்யன்

காலையில் புல் நுனியெல்லாம் உறைபனி. சூரியன் எழும்போது விளிம்பில் நின்று பார்த்தால் ஆயிரக்கணக்கான கல்தூண்கள், உள்ளிருந்து எரிவது போல ஆரஞ்சு நிறம். இங்கே வருடத்தில் ஏறக்குறைய பாதி நாட்கள் ராத்திரி உறைந்து பகலில் உருகுகிறது. பாறை விரிசலில் இறங்கும் தண்ணீர் உறைந்து விரிந்து, கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துத்தான் இந்தத் தூண்கள் உண்டாகின்றன. அப்பா விளிம்புப் பாதையில் ஒரு மைல் நடந்தார்.

மதியம் கடை வரை போய் இன்னும் இரண்டு முட்டுக்கட்டை தேடினேன். கெட்டி ரப்பரில் கிடைத்தது, 24 டாலர் ஆனது. கூடவே இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவில் வைத்துத் திருகி விரிக்கும் ஒரு பூட்டும் இருந்தது. அதன் விலை அதிகம், வாங்கவில்லை. ஆட்டத்தை நன்றாகக் குறைக்கும் என்று பக்கத்து இடத்துக்காரர் சொன்னார். அவரே தன்னுடையதை ஒரு ராத்திரிக்குக் கொடுத்தார். மாட்டியதும் வித்தியாசம் தெரிந்தது. ஜாக்கி மூலைகளைத்தான் பிடிக்கிறது. சக்கரம் நூலளவு முன்னும் பின்னும் உருள்வதைப் பிடிக்க அதனால் முடியாது. இந்தப் பூட்டு அதைப் பிடிக்கிறது. ஆனால் அவரே அழுத்திச் சொன்னார்: "இது இருக்கிறது என்று தரைக் கட்டையை எடுத்துவிடாதீர்கள்." இரண்டு டயருக்கு நடுவில் முட்டுக்கொடுப்பது இது. ராத்திரி குளிரில் டயர் காற்று சுருங்கினால் பிடி தளரும். காலையில் மறுபடி இறுக்க வேண்டியிருந்தது.

மாலை காற்று எழுந்தது. ட்ரெய்லரின் பெரிய பக்கச் சுவரில் காற்று நேராக மோதியது. வெளியே விரித்திருந்த துணிக் கூரையை உடனே சுருட்டி உள்ளே இழுத்தோம். எதிர் வரிசையில் ஒருவர் விரித்தபடியே விட்டுவிட்டு வெளியே போயிருந்தார். நாலைந்து பேர் ஓடிப்போய்ப் பிடித்து அவருக்காகச் சுருட்டி வைத்தார்கள். அந்த ஒரு நேரம் மட்டும் யாரும் அனுமதி கேட்கவில்லை.

ராத்திரி அப்பா படி இறங்கும்போது நான் வெளியே நின்று பார்த்தேன். படிக்கு அடியிலும் ஒரு கட்டை கொடுத்திருந்தேன். படியும் ஆடவில்லை, ட்ரெய்லரும் ஆடவில்லை. அவர் கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம்.

செப்டம்பர் 26, வியாழன்: பிரைஸ் – ஃபுரூட்டா

12-ஆம் எண் சாலை. போல்டர் மலை மேல் 9,600 அடி வரை ஏறி இறங்குகிறது. ஆஸ்பன் மரங்கள் மஞ்சளாகத் திரும்பியிருந்தன. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து வந்தேன். இரண்டு இடத்தில் ஒதுங்கி நின்று சக்கரங்கள் ஆற விட்டோம்.

கேப்பிட்டல் ரீஃப் பூங்காவுக்குள் ஃபுரூட்டா என்று ஒரு சின்னப் பள்ளத்தாக்கு. 1880-களில் குடியேறியவர்கள் ஃபிரீமான்ட் ஆற்றோரம் போட்ட பழத்தோட்டங்கள் இன்றும் இருக்கின்றன. பூங்காவே பராமரிக்கிறது. முகாம் தோட்டங்களுக்கு நடுவில். திறந்திருக்கும் தோட்டத்தில் பழம் பறித்து, தராசில் நாமே நிறுத்து, பெட்டியில் காசு போட வேண்டும். மகள் ஏணியில் ஏறிப் பறித்தாள். கிஃபர்ட் குடும்பம் வாழ்ந்த பழைய வீட்டில் ஆப்பிள் பை விற்கிறார்கள் என்று ஆசையாகப் போனோம். மதியத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டதாம். நாளை சீக்கிரம் வாருங்கள் என்றார் விற்கும் பெண்.

இடம் கிட்டத்தட்டச் சமதளம். அடுக்குக் கட்டையே தேவைப்படவில்லை. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஜாக்கி அடியில் சின்ன பிளாஸ்டிக் கட்டைகளை வைத்தேன். அப்பா மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது ஆற்று மண்ணு, அகலமாப் பலகை போடு" என்றார். மேகம் எதுவும் இல்லை. பலகை தேட அலுப்பாக இருந்தது. விட்டுவிட்டேன்.

பத்து மணிக்கு மேல் மழை. கூரையில் தடதடவென்று இரண்டு மணி நேரம். நடுராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்க நடந்தபோது தரை தொட்டில் மாதிரி ஆடியது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். பின்பக்க ஜாக்கிகள் இரண்டும் சேற்றில் இறங்கி, ட்ரெய்லருக்கும் அவற்றுக்கும் உறவே இல்லாமல் நின்றன. முன்மூக்கும் ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. சக்கரங்கள் கெட்டியான சரளை மேல் இருந்ததால் அசையவில்லை, கட்டைகளும் அப்படியே இருந்தன. அதனால் பயப்பட ஒன்றும் இல்லை. இருட்டில், மழையில் அடியில் போய்க் கை வைக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். அந்த ஜாக்கிகளை நம்பி ட்ரெய்லருக்கு அடியில் உடம்பை நுழைக்கக்கூடாது, எந்த நேரத்திலும். அப்பாவைக் கீழ்க் கட்டிலில் சுவரோரம் படுக்கச் சொல்லிவிட்டு, நானும் படுத்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி: ஃபுரூட்டா – லாஸ் வேகஸ்

விடிந்ததும் முகாமில் இருந்த தொண்டரிடம் கேட்டு, இரண்டு நீளப் பலகைத் துண்டுகள் வாங்கினேன். ஒன்று ஓரடி அகலம் இருக்கும். காலை உணவு முடித்துக் கிளம்ப இரண்டு மணி நேரம்தான் இருந்தது, ஆனாலும் பலகை போட்டு மட்டம் பார்த்தோம். அடுப்பில் வைத்த தோசைக்கல்லில் எண்ணெய் நடுவில் நின்றது. முதல் நாள் அது ஒரு பக்கமாக ஓடித் தேங்கியது நினைவுக்கு வந்தது. எட்டு மணிக்கே போய் வரிசையில் நின்று ஆப்பிள் பை வாங்கினோம். சூடாக இருந்தது. நாலு பேரும் ட்ரெய்லர் படியிலும் பெஞ்சிலும் உட்கார்ந்து, தோட்டத்தில் மேய்ந்த மான்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

கிளம்பும்போது எல்லாம் தலைகீழ் வரிசை. முதலில் மூலை ஜாக்கிகளை முழுக்க மடக்குவது. அப்புறம் டிரக்கில் மாட்டி, கொக்கியைப் பூட்டி, பூட்டில் ஊசியைச் சொருகி, சங்கிலி மாட்டி, மின்கம்பி சொருகுவது. எல்லாம் இணைந்த பிறகுதான் சக்கரக் கட்டைகளை எடுக்க வேண்டும். மகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம்: சுற்றி ஒரு முறை நடந்து, தரையைத் தொடுகிறதெல்லாம் என்ன என்று சொல்ல வேண்டும். "டயர் மட்டும்தான்" என்று கத்த வேண்டும். முதல் சுற்றில், "படி இன்னும் கீழே இருக்கு!" என்றாள். மடக்கினோம். இரண்டாவது சுற்றில் கத்தினாள்.

மாலை லாஸ் வேகஸில் ட்ரெய்லரை ஒப்படைத்தோம். பின்பக்க ஜாக்கியின் திருகு வளைந்ததை நானே காட்டினேன், எப்படி வளைந்தது என்பதையும் சொன்னேன். முன்பணத்தில் 90 டாலர் பிடித்துக்கொண்டார்கள். அது நியாயம்தான். ஆனால் அடுக்குக் கட்டைகளைக் காட்டாதது ஏன், முட்டுக்கட்டை நாலே நாலு ஏன் என்று கேட்டேன். வருகிறவர்களுக்கு நேரம் இருப்பதில்லை என்றார். இதில் உயிர் இருக்கிறது, ஐந்து நிமிடம் கூடுதலாக ஆனால் ஆகட்டும் என்றேன். தலையசைத்தார். நான் வாங்கிய இரண்டு கட்டைகளையும் பெட்டியிலேயே விட்டுவிட்டேன்.

அதே ட்ரெய்லருக்காக ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு காத்திருந்தார்கள். அப்பா அந்தப் பலகைத் துண்டுகள் இரண்டையும் டிரக்கிலிருந்து எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனார். ஆங்கிலம் அவருக்குக் கொஞ்சம்தான் வரும். பலகையைத் தரையில் வைத்து, ஜாக்கி எங்கே உட்கார வேண்டும் என்று தொட்டுக் காட்டினார். அப்புறம் சக்கரத்தடிக்குப் போய், முன்னால் ஒரு கையையும் பின்னால் ஒரு கையையும் வைத்துக் காட்டினார். அந்தப் பையன் குனிந்து உட்கார்ந்து, இன்னொரு முறை காட்டச் சொன்னான்.